ஓதம் போக்கித் தருகிறேன் என்று வீடு தேடி வருபவரை நம்பி நான் இழந்தது: செங்கோட்டை, தென்காசி வட்டாரத்தாருக்கு ஓர் எச்சரிக்கை

சுவர் ஓதத்தையும் அறையின் ஈரப்பதத்தையும் அடியோடு நீக்கித் தருவதாகச் சொல்லி வீடு வீடாக வந்த ஒருவரிடம், சென்ற ஆண்டு வைகாசியில் நான் 42,000 ரூபாய் கொடுத்தேன். பணம் போனதைவிட எனக்குப் பெரிய வருத்தம், என் தாத்தா வைத்துவிட்டுப் போன காகிதங்களில் ஒரு பகுதி போனதுதான். அதே ஆள் இந்த மாதம் பண்பொழிப் பக்கம் சுற்றுவதாகக் கேள்விப்பட்டதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊரின் தட்பவெப்பத்தை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்று ஆனி, ஆடி மாதங்களில் சாரலைக் கொண்டுவந்து கொட்டும். குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு அது இரண்டு நாள் சுகம். இங்கேயே குடியிருப்பவர்களுக்கோ உப்பு கசிந்து, அப்பளம் நமத்து, தோல் செருப்பில் பூசணம் பூக்கும் காலம். எங்கள் வீடு செங்கலும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய பழைய மட்டப்பா வீடு. தாத்தா இங்கே ஆதாரம், அதாவது சொத்துப் பத்திரம், எழுதுபவராக இருந்தார். செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேரும் வரை திருவிதாங்கூரிலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தது அல்லவா? அந்தக் காலத்து நகல்கள், கொல்லம் ஆண்டு 1111 (கி.பி. 1935-36) என்று தேதியிட்டவை உட்பட, ஒரு இரும்பு பீரோ நிறைய இருந்தன. தாளை அரிக்கும் ராமபாணப் பூச்சியிடமிருந்து வசம்பும் வேப்பிலையும் வைத்து அவற்றை இவ்வளவு காலம் காப்பாற்றி வந்தோம்.

வந்தவர் நல்ல பேச்சுக்காரர். கையில் இரண்டு ஊசி முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கருவியொன்று இருந்தது. அதைச் சுவரில் குத்தியதும் சிவப்பு விளக்கு எரிந்து 28 என்று காட்டியது. "அண்ணாச்சி, பாத்தீங்களா, சுவருக்குள்ள இருபத்தெட்டு சதவீதம் தண்ணி. இந்தச் சாரல் முடியுறதுக்குள்ள உங்க பீரோ போயிரும்" என்றார். நான் அரண்டுவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அவர் கேட்கவில்லை. வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இரண்டு அறைகளின் உட்சுவர்களுக்கு நீர்புகாப் பூச்சு அடிக்க 26,000 ரூபாய். காற்றிலிருந்து நாளொன்றுக்கு 10 லிட்டர் தண்ணீரை இழுக்கும் என்று சொல்லி ஒரு கருவிக்கு 16,000 ரூபாய். பத்து ஆண்டு உத்தரவாதம் என்று ஓர் அட்டை கொடுத்தார். பில் கேட்டதற்கு, பில் போட்டால் வரி வேறு சேரும் என்றார். அந்த மிச்சத்துக்கு ஆசைப்பட்டு நானும் பேசாமல் இருந்துவிட்டேன். என் தவறுகளிலேயே மோசமானது அதுதான். இரண்டே நாளில் வேலையை முடித்து, ஜன்னல் இடுக்குகளுக்கெல்லாம் டேப் ஒட்டிவிட்டுப் போனார்.

சாரல் தொடங்கியதும் கருவியை இரவும் பகலும் ஓடவிட்டோம். மறுநாள் அதன் தொட்டியை என் மனைவி காப்பி டம்ளரில் ஊற்றிப் பார்த்தாள். ஒரு டம்ளர் நிறைந்து, அடுத்ததில் கால்வாசி வந்தது. ஏறத்தாழ 200 மில்லி இருக்கும். "இதுக்குப் பதினாறாயிரமா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பிறகுதான் கருவியைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் ஒட்டியிருந்த சிறு எழுத்துச் சீட்டில் 72 வாட் என்றும், 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள இடத்தில் நாளொன்றுக்கு 700 மில்லி வரை என்றும் அச்சிட்டிருந்தது. உள்ளே கம்ப்ரசர் கிடையாது. மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடேறும் பெல்டியர் தகடு ஒன்றும் குட்டி விசிறியும்தான் இருந்தன. அலமாரித் தட்டு அளவுள்ள இடத்துக்கு அது போதலாம். எங்கள் அறையோ 14 அடி நீளம், 12 அடி அகலம், 11 அடி உயரம், அதாவது சுமார் 52 கன மீட்டர். 25 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 23 கிராம் நீராவியைத் தாங்கும். அந்த அறையின் ஈரப்பதத்தை 90 சதவீதத்திலிருந்து 55 சதவீதத்துக்குக் கொண்டுவர 400 மில்லிக்கு மேல் தண்ணீரை எடுக்க வேண்டும். அதுவும் ஒரு முறை எடுத்தால் முடிந்துவிடாது. பழைய வீட்டில் கதவிடுக்கு வழியாக மணிக்கு ஒரு தரம் காற்று மாறினாலே நாளுக்கு 10 லிட்டர் கணக்கு வந்துவிடும். அவர் 10 லிட்டர் என்று சொன்னது சரியான தேவைதான். விற்றதுதான் வேறு பொருள். அவ்வளவு தண்ணீர் இழுக்கும் கம்ப்ரசர் கருவி ஏறக்குறைய பத்து கிலோ கனக்கும். நான் வாங்கியதை என் பேத்தி ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு போனாள்.

தொலைபேசியில் புகார் சொன்னபோது அவர் தந்த யோசனைதான் காகிதங்களைக் கெடுத்தது. இரவில் ஏ.சி.யை 20 டிகிரியில் வைத்துவிட்டு, காலையில் அதை நிறுத்தி ஜன்னல்களைத் திறந்து காற்றோட்டம் விடச் சொன்னார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் சாரல் நாளில் வெளிக்காற்று 26 டிகிரியில் 90 சதவீத ஈரத்தோடு இருந்தால், 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளின் மீதும் அது பனித்துவிடும். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த பீரோவின் மேல், ஜன்னலைத் திறந்த சிறிது நேரத்தில், மோர்ச்செம்பின் வெளிப்புறம் போல முத்து முத்தாக வியர்த்தது. துணியால் துடைத்தேன். உள்ளேயும் அப்படித்தான் வியர்த்திருக்கும் என்று எனக்கு உறைக்கவில்லை. மூன்று வாரம் கழித்து அடித்தட்டைத் திறந்தபோது மக்கல் வாடை முகத்தில் அடித்தது. பின்பக்கத் தகட்டை ஒட்டியிருந்த காகிதக் கட்டுக்குள் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஓரங்களில் சாம்பலும் பச்சையுமாகப் பூசணம் படர்ந்திருந்தது. பிரிக்க முயன்ற தாளில் தாத்தாவின் மசி எதிர்த்தாளோடு போய்விட்டது. அதற்குமேல் நான் பிரிக்கவில்லை.

ஆடிக் கடைசியில் சுவரும் தன் பங்கைக் காட்டியது. பூச்சு ஆங்காங்கே கொப்புளம் போட்டது. கட்டிலுக்கு மேலே இருந்த ஒன்றை நகத்தால் கீறினேன். கோலமாவு போல வெள்ளைப்பொடி தலையணையில் கொட்டியது. முன்பு இரண்டரை அடி உயரத்தில் நின்ற ஓதம் நான்கரை அடிக்கு ஏறியிருந்தது. எங்கள் பழைய கொத்தனார் வந்து ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "சுண்ணாம்புச் சுவரு மூச்சு விடணும் அண்ணாச்சி. வாயப் பொத்துனா அது மேலதான ஏறும்?" என்றார். உறிஞ்சிய ஈரத்தை முகப்பு வழியாக ஆவியாக விடுவதால்தான் சுண்ணாம்புச் சுவர் பிழைத்துக் கிடக்கிறது. பிளாஸ்டிக் போன்ற பூச்சு அந்த வழியை அடைத்துவிட, உப்பு அதன் பின்னால் படிகமாகிக் காரையைத் தள்ளிக்கொண்டு வருகிறது.

பிறகு கொத்தனார் வெளியே போய்ப் பின்சந்தைப் பார்த்தார். அங்கே புதிதாகப் போட்ட சிமெண்ட் தளம் எங்கள் வீட்டுத் தரையைவிட முக்கால் அடி உயர்ந்து, சுவரை நோக்கிச் சரிந்திருந்தது; மாடிக் குழாயின் தண்ணீரும் அங்கேதான் விழுந்து தேங்கியது. நோயின் மூலம் இவ்வளவுதான். சந்தோரம் ஒரு வடிகால் வெட்டி, குழாயை நீட்டி, உள்ளே ஓதம் ஏறிய உயரம்வரை காரையைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடியும் சுண்ணாம்புக் காரையே பூசினார். முழுதும் உலர, சுவரின் கனத்தில் ஓர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்று கணக்குச் சொன்னார். ஒன்பது அங்குலச் சுவர் ஒன்பது மாதம் எடுத்தது.

அந்த ஊசிக் கருவியின் இரகசியத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெரு ஆசாரியிடமும் அதே போல ஒன்று இருக்கிறது. மரத்தின் ஈரம் பார்ப்பதற்கான பொருள் அது. மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதைத்தான் அது அளக்கிறது. சுவரில் உப்பு பூத்திருந்தால் குறைந்த ஈரத்துக்கே எண் எகிறும். சுவரில் அது காட்டும் 28 என்பது சதவீதமே அல்ல.

நான் இப்போது நம்புவது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றை. அதையும் சோதித்துத்தான் வைத்தேன். பாட்டில் மூடியில் சமையல் உப்பைச் சேறு பதத்துக்கு நனைத்து, மானியோடு சேர்த்து இறுக மூடிய பையில் ஓர் இரவு வைத்தால் 75 காட்ட வேண்டும். என்னுடையது 71 காட்டியது. ஆகவே நான்கைக் கூட்டிக்கொள்கிறேன். அறையில் 70 சதவீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நின்றால் பூசணம் வரும் என்று வைத்துக்கொண்டு, 60க்குள் நிறுத்தப் பார்க்கிறோம். துவைத்த துணிகளை அந்த அறையில் காயப்போடுவதை விட்டோம். ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி வரும் என்று தெரிந்தபின், அடுப்படியில் புகைபோக்கி விசிறியும் வைத்தோம். பீரோ இப்போது சுவரைவிட்டு அரை அடி தள்ளி, மரக்கட்டைகளின் மேல், ஏ.சி. இல்லாத அறையில் நிற்கிறது. சாரல் பெய்யும்போது ஜன்னலைத் திறப்பதில்லை. மழை ஓய்ந்து வெயில் ஏறியபின்தான் திறக்கிறோம்.

அந்த ஆளின் பழைய எண் இப்போது வேலை செய்யவில்லை. அட்டையில் இருக்கும் முகவரியில் ஒரு பூட்டிய கடை இருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915இல் பேசியபோது பில்லைத்தான் முதலில் கேட்டார்கள். உத்தரவாத அட்டையும், 26,000 ரூபாயைக் கைபேசி வழியே அனுப்பியதற்கான பதிவும் என்னிடம் உள்ளன. மீதியை ரொக்கமாகக் கொடுத்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். நாம் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணமில்லை. இன்னும் ஓர் ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக எனக்கு அவகாசம் இருக்கிறது. பண்பொழி, புளியரை, கடையநல்லூர்ப் பக்கம் இதே ஊசிக் கருவியோடு வந்தவரிடம் பணம் கொடுத்தவர்கள் இருந்தால், அட்டையையும் பணம் அனுப்பிய பதிவையும் பத்திரப்படுத்தி, கருவியின் அடிச்சீட்டைப் படமெடுத்து வைத்து, என்னோடு சேர்ந்துகொள்ளுங்கள். வீட்டில் இன்னும் பூச்சு அடிக்காமல் இருந்தால், முதலில் மழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு வெளிச்சுவரைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள்.