முப்பத்தெட்டுக் குறி, ஒரு ‘ஓம் அண்ணா’: ஃபிக்மா கொமென்ற் வசதி பற்றி

மூத்த டிசைனர் கிளிநொச்சியில், இளையவர் முல்லைத்தீவில், காசு தருபவர் ரொறன்ரோவில். இப்படி ஆளுக்கொரு மூலையில் இருக்கும் ரீமில், இளையவரின் வேலையைத் திருத்த, செயலித் திரைகளை இணையத்தில் பலர் சேர்ந்து வரையும் மென்பொருளான ஃபிக்மாவின் கொமென்ற் வசதி (வரைந்ததன் மேல் குறி போட்டுக் கருத்து எழுதுவது) எந்தளவுக்கு உதவும்? அதை மட்டும்தான் இங்கே பார்க்கிறோம். வரைபவருக்கு ஃபிக்மா எப்படி என்று எழுத நிறையப்பேர் இருக்கிறார்கள். வரைந்ததைப் பார்த்து ‘இது சரிவராது’ என்று சொல்லியாகவேண்டிய ஆளுக்கு அது எப்படி என்பது வேறு கதை.

பாவிப்பது சுகம். ‘சி’ விசையை அழுத்தி, பிழை இருக்கிற இடத்தில் சொடுக்கினால் குறி விழும். இழுத்தால் ஒரு பரப்பையே வளைத்துக் காட்டலாம். பார்க்க மட்டும் அனுமதி உள்ளவரும் கொமென்ற் எழுதலாம், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. கைப்பேசிச் செயலியிலும் எழுதலாம். இங்கே காலை ஒன்பது மணி என்றால் ரொறன்ரோவில் முதல்நாள் இரவு பத்தரை அல்லது பதினொன்றரை. எல்லாரும் ஒரே நேரத்தில் விழித்திருக்கத் தேவையில்லை என்பது பெரிய ஆறுதல். வட்ஸ்அப்பில் ஸ்கிறீன்ஷொட் எடுத்து, சிவப்பு வட்டம் போட்டு, மூன்று நிமிடக் குரல்பதிவில் ‘அந்த மேல இருக்கிற நீலத்துக்குப் பக்கத்தில’ என்று விளங்கப்படுத்தும் அவதி இதில் இல்லை.

ஆனால் குறி போடுவது வேறு, குறை சொல்வது வேறு. நெல் விற்கும் கமக்காரருக்கான கைப்பேசிச் செயலி ஒன்றை எடுங்கள். பதிவுத் திரையில் பிழைச்செய்தி வெளிர் சாம்பலில் இருக்கிறது. ‘வடிவா இல்லை, மாத்துங்கோ’ என்று கொமென்ற் போட்டால் இளையவர் நிறத்தை மாற்றுவார், எழுத்துருவை மாற்றுவார், அடுத்தநாள் மூன்று விதமாக வரைந்து அனுப்புவார். எது பிழை என்று அவருக்கு இன்னும் தெரியாது. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: ‘இந்தச் செய்தியின் நிறம் #999999. வெள்ளைப் பின்னணிக்கும் இதுக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம், அதாவது மாறுபாட்டு விகிதம், 2.85 மட்டும். சிறிய எழுத்துக்கு 4.5 வேணும். #767676 மட்டுமட்டாக 4.54. ஆனால் இரணைமடுப் பக்கம் வயல் வரம்பில, வெயிலுக்க நிண்டு பாக்கிற ஆளுக்கு அது காணாது, #444444 போடுங்கோ.’ இதில் கடுமையான சொல் ஒன்றுகூட இல்லை, ஆனால் தப்பிக்கவும் இடமில்லை. பிழை இளையவரின் ரசனையில் இல்லை, இலக்கத்தில் இருக்கிறது என்பதால் அவருக்கும் முகம் சுருங்காது. என்ன பிழை, யாருக்கு இடைஞ்சல், எந்த அளவு போதும் ஆகிய மூன்றும் ஒரே கொமென்ற்றில் இருந்தால்தான் இந்த வசதிக்கு அர்த்தம்.

இனிக் குறைகள். முதலாவதும் பெரியதும்: எல்லாக் குறியும் ஒரே கனம். இரண்டு பிக்சல் இடைவெளிப் பிழைக்கும், செயலியின் ஒழுங்கே பிழை என்பதற்கும் ஒரே மாதிரி வட்டம்தான் விழுகிறது. குறி போடுவது இவ்வளவு லேசு என்பதால் மூத்தவருக்குக் கை நிற்பதில்லை, ஒரு திரையில் முப்பத்தெட்டு விழுந்துவிடும். இதே நெல் செயலியில், இன்றைய விலையைப் பார்க்கவே ஏழு திரை தாண்டிப் பதிவு செய்யவேண்டும் என்று வரைந்திருந்தால், அந்த ஏழு திரையிலும் நிறத்துக்கும் விளிம்புக்கும் குறி போடுவது வீண்வேலை. இளையவர் முப்பத்தெட்டையும் ஒழுங்காகத் திருத்திக் கொண்டுவருவார். செயலி அப்போதும் பிழையாகத்தான் இருக்கும். இரண்டு நாள் போனது மிச்சம், பழி திருத்தியவர் தலையில். அடிப்படையே பிழை என்றால் முதல் பிறேமின் (ஒரு திரையை வரையும் சட்டம்) தலையில் ஒரேயொரு கொமென்ற் போடுங்கள்: ‘விலை முதல் திரையில வரவேணும், பதிவு விற்கும்போது போதும். மற்றதொண்டையும் தொடாதேங்கோ, கதைப்பம்.’ பிறகு போனை எடுங்கள். அந்தப் பேச்சை எழுத்தில் செய்ய ஃபிக்மா உதவாது, எழுத்தில் செய்யவும் கூடாது.

மிச்சக் குறிகளுக்குக் கனத்தை நாங்களே போடவேண்டியதுதான். கொமென்ற்றின் முதற் சொல்லாக ‘கட்டாயம்’, ‘கேள்வி’, ‘விருப்பம்’ என்று எழுதுவது எளிய வழி. ஒரு திரையில் ‘கட்டாயம்’ ஐந்தைத் தாண்டினால் அந்தத் திரையைக் குறி போட்டுத் திருத்துவதைவிட உட்கார்ந்து திரும்ப வரைவது கெதியாக முடியும். ‘விருப்பம்’ என்று எழுதியதை இளையவர் செய்யாமல் விட்டால் அதைப் பிறகு குத்திக்காட்டாதிருப்பது மூத்தவரின் பொறுப்பு.

அடுத்தது, முடிந்தது என்று குறிக்கும் சரி அடையாளம். அதை அழுத்தினால் கொமென்ற் கண்ணிலிருந்து மறையும். அழியாது, வடிகட்டியில் தீர்த்தவற்றையும் காட்டு என்று கொடுத்தால் திரும்ப வரும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் மூத்தவரை எதிர்த்துக் கதைக்கத் தயங்குவார்கள். விளங்கினாலும் ‘ஓம் அண்ணா’, விளங்காவிட்டாலும் ‘ஓம் அண்ணா’, அதோடு சரி அடையாளம். திரை சுத்தமாகிவிடும், பிழை அப்படியே இருக்கும். ஃபிக்மாவில் இதைத் தடுக்கிற பூட்டு கிடையாது. குறை சொன்னவரே மூடவேண்டும் என்று ரீமில் முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். இளையவர் ‘ஓம்’ என்பதற்குப் பதிலாக என்ன மாற்றினார் என்று ஒரு வரி எழுதட்டும்: ‘நிறம் #444444, எழுத்து 12 இருந்து 14.’ விளங்கியதா இல்லையா என்பது அந்த ஒரு வரியில் தெரிந்துவிடும். பெயரைச் சுட்டி எழுதவும் மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அறிவித்தல் கண்ணில் படாமல் போகலாம்.

மூன்றாவது, மறைவாகச் சொல்ல வழியில்லை. பைலைத் திறக்கக்கூடிய எல்லாருக்கும் எல்லாக் கொமென்ற்றும் தெரியும். வாடிக்கையாளர் அதே பைலில் இருந்தால், தங்கச்சி ஒருவர் வாங்கும் ஏச்சு ரொறன்ரோ வரைக்கும் கேட்கும். இதற்கு ஒரு வழி, ஃபிக்மாவின் இன்னொரு குறையிலேயே இருக்கிறது. பைலைப் படியெடுத்தால் கொமென்ற்றுகள் கூட வராது. திருத்தத்தை வேறு பைலில் தொடர நினைப்பவருக்கு இது தலையிடி, சொன்னதெல்லாம் பழைய பைலிலேயே கிடக்கும். வாடிக்கையாளருக்குக் காட்டும்போதோ இதுவே வசதி. உள்வேலைக்கு ஒரு பைல், அதன் படி வாடிக்கையாளருக்கு. ஒரே பைலுக்குள் பிறேமைப் படியெடுத்துப் புதிய வடிவம் வரையும்போதும் குறிகள் பழையதிலேதான் நிற்கும். அதனால் பழையதை அழிக்காமல் பக்கத்தில் வைத்திருக்கச் சொல்லுங்கள். இலவசக் கணக்கில் பழைய நிலைக்குத் திரும்ப 30 நாள் வரலாறுதான் இருக்கிறது.

தமிழ் எழுத்து விஷயத்தில் திருத்துபவர் கட்டாயம் பார்க்கவேண்டியவை மூன்று. ஆங்கிலத்தில் வரைந்துவிட்டுக் கடைசியில் தமிழைப் போடும் பழக்கத்தால், ஆறெழுத்துச் சொல்லுக்கு வெட்டிய பொத்தானுக்குள் ‘சமர்ப்பிக்கவும்’ முட்டிக்கொண்டு நிற்கும். எழுத்தைச் சிறிதாக்குங்கோ என்று கொமென்ற் போடுவது தவறான திருத்தம். ‘அனுப்பு’ என்று சொல்லை மாற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஓட்டோ லேஅவுட்டில் பொத்தான் எழுத்தோடு விரியும்படி வைக்கச் சொல்லுங்கள். வரி உயரத்தையும் பாருங்கள். மேல்விசிறியும் கீழ்க்காலும் உள்ள எழுத்துக்கு ஆங்கில அளவு காணாது, எழுத்தளவின் ஒன்றரை மடங்காவது வேண்டும். மற்றது பாமினி என்ற, யூனிகோட் அல்லாத பழைய எழுத்துரு. அச்சகத்தில் பழகியவர் தரும் வாசகம் பெரும்பாலும் பாமினியில் இருக்கும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோட் எழுத்துருவில் அதை ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலாக நிற்கும். யூனிகோட்டுக்கு மாற்றியபின் ஒருதரம் வாசித்துப் பார்ப்பது இளையவர் வேலை, திருத்துபவர் வேலையல்ல. அதைக் கொமென்ற்றில் திருத்திக் கொடுக்கத் தொடங்கினால் பிறகு நீங்கள்தான் ஒப்புநோக்குநர்.

இணைப்பு இல்லாமல், முன்பே திறந்து வைத்திராத பைலைத் திறக்க முடியாது. சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் இருக்கும் இளையவருக்கு, முக்கியமான ‘கட்டாயம்’களை மட்டும் வட்ஸ்அப்பிலும் எழுத்தாக அனுப்பிவிடுங்கள்.

கலியாண அட்டை, கோயில் நோட்டீஸ், கடைப் பதாகை என்று அச்சு வேலைதான் கூட என்றால் இதை நம்பி இறங்கவேண்டாம். ஃபிக்மா திரைக்கான நிறங்களில்தான் வேலை செய்கிறது, அச்சு மைக்கான நான்கு நிற முறை அதில் இல்லை. திரையில் பளிச்சென்ற நீலம் அட்டையில் மங்கி வரும், அதற்கு எத்தனை குறி போட்டும் பலனில்லை. அச்சு வேலைக்கு அசல் அளவில் ஒரு தாளில் எடுத்து, சுற்றிவர 3 மில்லிமீற்றர் வெட்டுவிளிம்பு (வெட்டும்போது போகும் மேலதிக ஓரம்) விட்டிருக்கிறதா, சிறிய எழுத்து கறுப்பு மையில் மட்டும் இருக்கிறதா என்று பார்த்து, சிவப்புப் பேனையால் எழுதிக் கொடுங்கள். திகதியையும் மண்டபத்தின் பெயரையும் வீட்டுக்காரரைக் கொண்டு சத்தமாக வாசிப்பியுங்கள்.