ஆபீஸ் ஸ்வைப்பா, வீட்டு லேப்டாப்பா, ஃப்ரீலான்ஸ் ட்ராக்கரா: எது நம்மள அதிகமா கட்டிப்போடுது?

வொர்க் ஃப்ரம் ஹோம் வந்தா மேனேஜர் தொல்லை விட்டுச்சுன்னு தான் 2020ல நானும் நினைச்சேன். இப்ப மூணையும் பார்த்தாச்சு, அதான் எழுதுறேன்.

ஆபீஸ்ல எங்களுக்கு கேட்ல கார்டு தேய்க்கிற ஒன்பது மணி நேர ஸ்வைப் கணக்கு, கீழ டீக்கடைக்கு போனா அந்த பத்து நிமிஷமும் கழிஞ்சிடும். கடுப்பா தான் இருக்கும். ஆனா கேமரா எங்க இருக்குன்னு தெரியும், கேட்டைத் தாண்டி ஓஎம்ஆர்ல பஸ் ஏறிட்டா அப்புறம் நம்ம நேரம். லண்டன்ல டெய்லி டெலிகிராஃப் பத்திரிகை ஆபீஸ்ல 2016 ஜனவரில சீட்ல ஆள் இருக்காங்களான்னு பாக்க டெஸ்க் அடியில சென்சார் பெட்டி வச்சாங்க, விஷயம் வெளிய வந்து பிரச்சனை ஆனதும் அன்னைக்கே கழட்டிட்டாங்க. கண்ணுக்குத் தெரியிற பெட்டி, பக்கத்து சீட்லயும் அதே பெட்டி, அதனால சேர்ந்து கேள்வி கேக்க முடிஞ்சது.

வீட்ல அந்த பெட்டி கம்பெனி குடுத்த லேப்டாப்புக்குள்ள போயிடுச்சு. ஆபீஸ் சாட் ஆப் டீம்ஸ்ல அஞ்சு நிமிஷம் எதையும் தொடலன்னா, ஆள் இருக்கான்னு காட்டுற பச்சைப் புள்ளி மஞ்சளாயிடும். கேஸ் சிலிண்டர் வந்துச்சுன்னு கதவத் திறந்து, சீல் பார்த்து, காசு எண்ணிக் குடுத்துட்டு வர்றதுக்குள்ள மஞ்சள், உடனே டீம் லீடு கிட்டருந்து "இருக்கீங்களா?"ன்னு மெசேஜ். இப்ப அம்மாவே பகல்ல என்னைக் கூப்பிடறத நிறுத்திட்டாங்க, வீட்டுக்கு யாராவது வந்தா கூட "அவன் பச்சைல இருக்கணும்"னு சொல்லி மெதுவா பேச வைக்கிறாங்க. சம்பளம் வாங்குறது நான் ஒருத்தன், அடங்கி இருக்கறது மொத்த வீடும், எனக்கு தாங்கவே முடியாதது இதான்.

பச்சை போகாம இருக்க சிலபேர் மவுஸ வாட்ச் மேல வச்சிடுவாங்க, முள்ளு நகர்ந்தா கர்சரும் ஆடும். அமெரிக்காவுல வெல்ஸ் ஃபார்கோ பேங்க் 2024ல, கீபோர்டு ஓடுற மாதிரி போலியா காட்டினாங்கன்னு பன்னெண்டு பேருக்கு மேல வேலைய விட்டு தூக்குச்சு. விரல் ஆடுறதையே வேலைன்னு அளந்தா ஆளுங்க விரல் ஆடுற மாதிரி தானே காட்டுவாங்க?

ஃப்ரீலான்ஸ் ட்ராக்கர், அதாவது மணிக்கணக்குல காசு வாங்குறவங்க வேலை நேரத்த பதிவு பண்ற சாஃப்ட்வேர், பாக்க தான் கொடூரம். நான் வேலை பார்த்த சைட்ல பத்து நிமிஷத்துக்கு ஒரு ஸ்க்ரீன்ஷாட். அம்மாவோட ஸ்கேன் ரிப்போர்ட் திறந்திருந்தப்ப ஒண்ணு எடுத்துடுச்சு, அழிச்சேன், அந்த பத்து நிமிஷக் காசு போச்சு. ஆனா என்ன எடுத்தாங்கன்னு நானும் பார்த்தேன், அழிக்க பட்டன் இருந்துச்சு, டைமர நிறுத்தினா அதுவும் நிக்குது. கம்பெனி லேப்டாப்ல இதுல ஒண்ணு கூட கிடையாது.

அதனால எது கம்மியா கட்டிப்போடுதுன்னு பார்த்தா, என் கணக்குல ஆபீஸ் முதல்ல, ட்ராக்கர் அடுத்து, கம்பெனி லேப்டாப் கடைசி. வீட்ல இருக்கவே கூடாதுன்னு சொல்லல, என்ன பதிவாகுதுன்னு தெரிஞ்சா நானும் வீட்ல இருந்தே வேலை பார்ப்பேன். நெதர்லாந்துல அமெரிக்க கம்பெனி ஒண்ணு நாள் முழுக்க வெப்கேம் போடச் சொல்லி, மாட்டேன்னவர வேலைய விட்டு அனுப்புச்சு, 2022ல கோர்ட் அது தப்புன்னு சுமார் 75,000 யூரோ குடுக்க சொல்லிச்சு. நானும் எங்க எச்ஆருக்கு லேப்டாப்ல என்னென்ன பதிவாகுதுன்னு எழுத்துல கேட்டு மெயில் போட்டிருக்கேன், மூணு வாரமாச்சு, பதில் வரல, திங்கக்கிழமை டீம்ல இன்னும் நாலு பேர் அதே மெயில அனுப்புறாங்க.