ஹைடனின் இரண்டு செல்லோ கான்செர்ட்டோக்கள்: சி மேஜரா, டி மேஜரா?

பதினெட்டாம் நூற்றாண்டு ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடன் எழுதியவைதான் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய செல்லோ கான்செர்ட்டோக்கள் (வயலின் குடும்பத்துப் பெரிய கருவியான செல்லோ முன்னின்று வாசிக்க, ஆர்க்கெஸ்ட்ரா உடன் வாசிக்கும் படைப்புகள்) இரண்டே: ஒன்று சி மேஜர் ஸ்வரக்கட்டில், மற்றது டி மேஜரில். முதலில் எதைக் கேட்பது என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் சி மேஜர் என்பேன்.

அது 1760களின் முற்பகுதியில், எஸ்டர்ஹாசி பிரபுவின் அரண்மனை இசைக்குழுவில் செல்லோ வாசித்த யோசப் வைகலுக்காக எழுதப்பட்டது. ஹைடன் தன் கைப்பட வைத்திருந்த பட்டியலில் இதன் தொடக்க வரி மட்டும் இருந்தது. இசை எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. 1961இல் பிராகா தேசிய அருங்காட்சியகத்தில் ஓல்ட்ரிக் புல்கெர்ட் ஒரு பிரதியைக் கண்டெடுத்தார். மறு ஆண்டே செக் செல்லோ கலைஞர் மிலோஷ் சாட்லோ அதை மேடையேற்றினார். சுமார் 200 ஆண்டு உறக்கம்!

டி மேஜருக்கு வேறு வகைச் சோதனை. 1783இல் அந்தோனின் கிராஃப்ட் என்ற செல்லோ கலைஞருக்காக ஹைடன் எழுதியதை, கிராஃப்டே எழுதியிருப்பார் என்று நெடுங்காலம் பலர் நம்பினார்கள். 1950களின் தொடக்கத்தில் ஹைடனின் கையெழுத்துப் பிரதி கிடைத்த பிறகுதான் அந்தப் பேச்சு அடங்கியது.

சரி, இசைக்கு வருவோம். இரண்டிலும் ஆர்க்கெஸ்ட்ரா சிறியதுதான்: தந்திக் கருவிகள், ஊதுகருவிகளான இரண்டு ஓபோ, இரண்டு ஹார்ன். சி மேஜரின் அடாஜியோவில், அதாவது மெதுவான நடுப்பகுதியில், ஓபோவும் ஹார்னும் ஒதுங்கிக்கொள்கின்றன. வயலின்கள் மெட்டை வாசித்துக்கொண்டிருக்க, செல்லோ ஒரே ஸ்வரத்தை நீளமாகப் பிடித்தபடி அதற்குள் நுழைகிறது. எப்போது வந்தது என்றே தெரியாது. திடீரென்று மெட்டு அதன் கையில் இருக்கும். கடைசிப் பகுதியிலும் இதே உத்திதான், ஆனால் அங்கே நீண்ட ஸ்வரம் முடிந்ததும் செல்லோ பாய்ந்து ஓடுகிறது. எத்தனை முறை கேட்டாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

டி மேஜரில் இந்தப் பாய்ச்சல் கிடையாது. முதல் பகுதி நிதானமாக நடக்கிறது, நீளமும் அதிகம். சலிப்பாக இருக்கிறது என்பவர்களிடம் எனக்கு உடன்பாடில்லை. செல்லோ பெரும்பாலும் மேல் ஸ்தாயியிலேயே பாடுகிறது. கட்டைவிரலைத் தந்தியில் ஊன்றி வாசிக்க வேண்டிய இடங்கள், இரண்டு தந்திகளில் சேர்ந்தே ஓடும் எட்டாம் இடைவெளிகள் (ஒரே ஸ்வரம் அடுத்தடுத்த இரண்டு ஸ்தாயிகளில்) என்று கஷ்டம் கொட்டிக்கிடக்கிறது. ஆனால் அந்தக் கஷ்டம் வெளியே தெரியக் கூடாது. சுருதி ஒரு இழை பிசகினாலும் மறைக்க இடமில்லை. அதனால்தான் ஆர்க்கெஸ்ட்ராக்களில் செல்லோ கலைஞர்களைத் தேர்வு செய்யும்போது பெரும்பாலும் இதை வாசிக்கச் சொல்கிறார்கள்.

சி மேஜர் சுமாராக வாசித்தாலும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். டி மேஜர் அப்படியல்ல, வாசிப்பவரை நம்பியே நிற்கிறது. ஆகவே அதை நல்ல கையில்தான் முதலில் கேட்க வேண்டும். ஆங்கிலச் செல்லோ கலைஞர் ஜாக்குலின் டு ப்ரேயின் டி மேஜர் பதிவில் ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தும் பார்பிரோலி, தானே இளமையில் செல்லோ கலைஞராக இருந்தவர். அடாஜியோவில் அவசரமே படாமல் டு ப்ரேக்கு இடம்விட்டுக் காத்திருக்கிறார். இரண்டு கான்செர்ட்டோக்களையும் ஒரே கையில் கேட்க வேண்டுமென்றால் ரஷ்யச் செல்லோ கலைஞர் ரொஸ்ட்ரோபோவிச்.