நுண்ணோக்கியைக் கட்டுவதா, படத்தைப் படிப்பதா?

முனைவர் பட்டம் முடியும் தறுவாயில் எனக்கு இரண்டு போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப்பணி) வாய்ப்புகள் வந்தன. ஒன்று, தாள்போல் மெல்லிய ஒளியை மாதிரியில் பாய்ச்சிப் படமெடுக்கும் ஒளித்தாள் நுண்ணோக்கியைப் புதிதாகக் கட்டும் ஆய்வகம். மற்றொன்று, நுண்ணோக்கிப் படங்களில் செல்களைப் பிரித்தறியும் நிரல்களை எழுதும் குழு. இரண்டுமே இரண்டாண்டு ஒப்பந்தம். நான் நிரல் பக்கம் போனேன். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

ஊதியம், ஊர், ஆய்வகத் தலைவரின் புகழ் ஆகியவற்றை எல்லோரும் பார்ப்பார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கருவி கட்டும் வேலையின் கவர்ச்சி பெரியது. ஏறத்தாழ 200 நானோமீட்டரைவிட நெருங்கியிருக்கும் இரு புள்ளிகளை ஒளி நுண்ணோக்கி பிரித்துக் காட்டாது என்ற எல்லைக்கு அடிப்படையை 1873இல் ஜெர்மானிய இயற்பியலாளர் அப்பே வகுத்தார். அதைத் தாண்டியதற்காக 2014இல் பெட்சிக், ஹெல், மோர்னர் மூவரும் வேதியியல் நோபல் பெற்றார்கள். பெட்சிக் தம் நுண்ணோக்கியை நண்பர் ஹெஸ்ஸின் வீட்டு வரவேற்பறையில் வைத்துக் கட்டினார் என்று படித்தபோது எனக்கும் கை பரபரத்தது. ஆனால் லென்ஸ் வந்து சேர வேண்டும், லேசரை நேர்படுத்த வேண்டும், அறையின் வெப்பநிலை மாறினால் மறுபடியும் நேர்படுத்த வேண்டும். முதல் நல்ல படம் வருவதற்குள் ஒப்பந்தத்தில் பாதி கரைந்துவிடலாம்.

எனக்கு முடிவைத் தந்த கேள்வி ஒன்றுதான்: ஒப்பந்தம் முடியும் நாளில் எதை எடுத்துக்கொண்டு வெளியேறுவேன்? கட்டிய கருவி அங்கேயே நிற்கும். நிரல் என்னோடு வரும், அதுவும் அனுமதி இருந்தால் மட்டுமே. முனைவர் ஆய்வில் ஓராண்டு உழைத்து எழுதிய நிரலை அந்த ஆய்வகத்தை விட்டு வந்தபின் நான் தொடவே முடியவில்லை. அந்த வலி இன்னும் ஆறவில்லை. அதனால் இம்முறை நேர்காணலிலேயே கேட்டேன். நிரலைத் திறந்த மூல உரிமத்தில் வெளியிடலாமா? கட்டுரை வரும்வரை காத்திருக்க வேண்டுமா? மூலப் படங்களைப் பின்னாளிலும் பயன்படுத்தலாமா? பதில்களை மின்னஞ்சலில் எழுதி வாங்கினேன். ஃபிஜி, நாபாரி என்ற இலவசப் பட ஆய்வு மென்பொருள்களில் ஒன்றுக்குச் செருகுநிரலாக (கூடுதலாக இணைத்துக்கொள்ளும் நிரல்) வெளியிட்டால், அடுத்த வேலைக்கான நேர்காணலில் அதையே இயக்கிக் காட்டலாம்.

தேவையும் குறையாது. 2048×2048 புள்ளிகள் கொண்ட 16 பிட் கேமரா நொடிக்கு 100 படங்கள் எடுத்தால் ஒரு மணி நேரத்தில் 3 டெராபைட் குவிந்துவிடும். அதை யாராவது படித்தாக வேண்டும்.

இதிலும் ஓர் ஆபத்து உண்டு. படம் எப்படி எடுக்கப்பட்டது என்று அறியாதவர் தூசியையும் செல் என்று எண்ணிவிடுவார். வாரத்தில் அரை நாளாவது கருவியருகே உட்கார வேண்டும் என்று நான் பிடிவாதமாகக் கேட்டு வாங்கியது அதனால்தான்.

எம்.ஆர்.ஐ. படங்களுக்கு நிரல் எழுதும் வேலை பற்றி இவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன். அங்கே என் அனுபவம் ஆறு மாதக் கூட்டுப்பணி மட்டுமே. நாங்கள் பார்த்த நோயாளிகளின் படங்கள் மருத்துவமனைக் கணினியை விட்டு வெளியே வரவில்லை. நிரலை எடுத்துவரலாம், ஆனால் அதைச் சோதித்துக் காட்டப் படம் இருக்காது. அப்படிப்பட்ட குழுவில் சேர்பவர்கள், பொதுவில் வெளியிடப்பட்ட படத்தொகுப்பிலும் நிரலை ஓட்டிப் பார்க்க நேரம் தரப்படுமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்காண்டு ஒப்பந்தமும் ஏற்கெனவே படம் தந்துகொண்டிருக்கும் கருவியும் கிடைத்திருந்தால், நானும் கருவி ஆய்வகத்தைத்தான் முதலில் பரிசீலித்திருப்பேன்.