கனம் குறைந்த மடிக்கணினியோடு ஓர் ஊர்ப் பயணம்

கடந்த மூன்று முறை ஊருக்குப் போனபோதும் என் தோள்பையில் இரண்டரைக் கிலோ எடையுள்ள பழைய மடிக்கணினியும் செங்கல்லைப் போன்ற அதன் சார்ஜரும் இருந்தன. பல விமான நிறுவனங்கள் கைப்பைக்கு 7 கிலோதான் தருகின்றன. பவர் பேங்கைப் பதிவுப் பெட்டியில் வைக்கக் கூடாது என்பதால் அதுவும் கைப்பைக்குள்தான் வந்தாக வேண்டும். நான் வைத்திருக்கும் 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 3.7 வோல்ட் கணக்கில் 74 வாட்-மணி, அதாவது 100 வாட்-மணி என்ற பொது வரம்புக்குள் அடங்குவது, ஆனால் அதுவே ஏறக்குறைய 400 கிராம் இருக்கும். ஆகவே இந்த முறை ஒரு கிலோவுக்குச் சற்று மேல் எடையுள்ள புதிய மடிக்கணினி ஒன்றை வாங்கிக்கொண்டு புறப்பட்டேன். அதன் பெட்டியில் சேமிப்பிடம் 64 ஜிபி என்று போட்டிருந்தது. நான்கு வாரப் பயணத்துக்கு அது போதும் என்று நினைத்தேன். என் தோளிலிருந்து குறைந்த ஒன்றரைக் கிலோவை ஊரில் எத்தனை பேர் தங்கள் நேரத்தால் சுமக்க நேர்ந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த 64-இன் கணக்கு. தயாரிப்பாளர்கள் ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று எண்ணுகிறார்கள். விண்டோஸோ 1024-இன் மடங்குகளில் எண்ணுகிறது. அதனால் 64 ஜிபி திரையில் 59.6 ஆகத் தெரியும். ஆப்பிள் கணினிகள் 2009-லிருந்து தயாரிப்பாளர் கணக்கையே காட்டுவதால் அங்கே இந்தக் குழப்பம் இல்லை. எப்படி எண்ணினாலும் பைட்டுகள் அவைதாம், இதில் ஏமாற்று எதுவும் இல்லை. இழப்பு தொடங்குவது அதற்குப் பிறகு. இயங்குதளம், அதை மீட்டெடுப்பதற்கான தனிப் பகுதி, 2019-லிருந்து விண்டோஸ் புதுப்பிப்புகளுக்கென்று ஒதுக்கி வைத்துக்கொள்ளும் சுமார் 7 ஜிபி, ஒரு மாதம் மட்டும் வேலை செய்யும் வைரஸ் தடுப்பு மென்பொருள், சந்தா கட்டினால்தான் முழுமையாகத் திறக்கும் அலுவலகச் செயலிகள், நான் கேட்காத நான்கைந்து விளையாட்டுகள் எல்லாம் போக, முதல் நாள் கணினியைத் திறந்தபோது எனக்கென்று மிஞ்சியது 27 ஜிபி. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்சச் சேமிப்பிடமே 64 ஜிபிதான் என்பதை வாங்குவதற்கு முன்பே நான் யோசித்திருக்க வேண்டும். குறைந்தபட்சம் என்பது கணினி ஓடுவதற்கான அளவு. அதன் உரிமையாளரின் கோப்புகள் அந்தக் கணக்கில் சேர்த்தியில்லை.

இது புதிய கதையும் அல்ல. 2013-இல் வந்த மைக்ரோசாஃப்ட்டின் முதல் சர்ஃபேஸ் புரோ டேப்லெட் கணினியின் 64 ஜிபி மாதிரியில் பயனருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 23 ஜிபி என்று அந்த நிறுவனமே சொன்னபோது பெரிய சலசலப்பு எழுந்தது. அதே ஆண்டில் வெளியான சாம்சங் கேலக்ஸி எஸ்4 கைப்பேசியின் 16 ஜிபி மாதிரியில் ஏறக்குறைய பாதிதான் வாங்கியவருடையது. அதற்கும் முன்பு, 2007-இல் வந்த ஆசுஸ் ஈ பிசி என்ற சிறு மடிக்கணினி ஒரு கிலோவுக்கும் குறைவான எடையில், வெறும் 4 ஜிபி சேமிப்பிடத்துடன் விற்பனையானது. அதில் லினக்ஸ் இயங்குதளமும் இணைய உலாவியும் எழுத்துச் செயலியும் அடங்கிவிட்டன, இன்னும் கொஞ்சம் இடமும் இருந்தது. சேமிப்பிடம் போதுமா என்ற கேள்விக்கு அதன் அளவைவிட உள்ளே ஏற்கெனவே குடியேறியிருப்பவர் யார் என்பதே பதில் சொல்கிறது என்பது இந்த வரிசையைப் பார்த்தாலே விளங்கும்.

நான் ஊருக்குப் போனதில் ஒரு குறிப்பிட்ட வேலை இருந்தது. அம்மாவிடம் உள்ள பழைய ஆவணங்களையும் நிழற்படங்களையும் ஸ்கேன் செய்வது, உறவினர்களின் கைப்பேசிகளில் சிதறிக் கிடக்கும் காணொளிகளை ஓரிடத்தில் சேர்ப்பது. அக்கா மகன் தன் நண்பரிடமிருந்து ஒரு ஸ்கேனரை இரவல் வாங்கி வைத்திருந்தான். அதற்கான மென்பொருளை நிறுவப் போனால் கணினி மறுத்துவிட்டது. எஸ் மோட் எனப்படும் அமைப்பில் அது விற்கப்பட்டிருந்தது. அந்த நிலையில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் உள்ள செயலிகளை மட்டுமே ஏற்கும். அதிலிருந்து வெளியேறக் கட்டணம் கிடையாது, ஆனால் இணையத்தோடு இணைந்து ஸ்டோர் வழியாகத்தான் வெளியேற முடியும், வெளியேறினால் மீண்டும் அதற்குள் போக முடியாது. இதைக் கண்டுபிடிப்பதற்குள் ஒரு முற்பகல் போய்விட்டது. ஸ்கேனரில்தான் கோளாறு என்று நினைத்து அந்த நண்பரை இரண்டு முறை அலையவிட்டதற்கு இன்னும் வருத்தப்படுகிறேன்.

காணொளிகள் அடுத்த பாடம். ஐபோனில் 4கே தரத்தில், நொடிக்கு 30 சட்டகங்களாக, இடத்தைச் சிக்கனப்படுத்தும் முறையிலேயே எடுத்தாலும் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 170 எம்பி ஆகும். ஒரு மணி நேரம் எடுத்தால் 10 ஜிபி. மூன்று உறவினர்களின் கைப்பேசிகளை மட்டும் பார்த்தபோதே என் 27 ஜிபி நிறைந்துவிடும் என்று தெரிந்தது. இணையத்தில் உள்ள மேகச் சேமிப்பில் ஏற்றிவிடலாமே என்று அக்கா மகன் சொன்னான். வீட்டு இணைப்பில் தரவிறக்க வேகம் குறைசொல்ல முடியாதபடி இருந்தது, பதிவேற்ற வேகம் நொடிக்கு 10 மெகாபிட் அளவில்தான் நின்றது. அந்த வேகம் ஒரு கணம்கூடக் குறையாமல் கிடைத்தாலும் 100 ஜிபி ஏறுவதற்கு 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அத்தனை நேரம் வீட்டில் மற்றவர்கள் காணொளி அழைப்பு பேசாமல் இருக்க வேண்டும். "எதற்கும் இடம் வேண்டாம், எல்லாம் மேகத்தில் இருக்கும்" என்று கனம் குறைந்த கருவிகளை விற்பவர்கள் சொல்வது, பதிவேற்ற வேகமும் பொறுமையும் யாரிடமோ தாராளமாக இருக்கிறது என்ற அனுமானத்தில் சொல்லப்படுவது.

இந்த மேகம் எனக்குத் தெரியாமலே ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்தது என்பது வேறு. கணினியோடு வந்த ஒன்டிரைவ் என்ற மேகச் சேமிப்புச் செயலி, ஆவணங்கள் என்ற கோப்புறையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, சில நாள் தொடாத கோப்புகளின் பெயரை மட்டும் இங்கே விட்டு, உள்ளடக்கத்தை இணையத்தில் வைத்திருந்தது. இடம் குறைந்த கருவிக்கு இது நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் ரயிலில் சிக்னல் இல்லாத இடத்தில் ஒரு சான்றிதழின் படியைத் திறக்கப் போனபோது, பெயரும் தேதியும் தெரிந்தன, கோப்பு திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த சின்ன மேகக் குறியின் பொருள் அன்றுதான் எனக்கு விளங்கியது.

மெமரி கார்டு ஒன்றைச் செருகிக் கொஞ்ச நாள் சமாளித்தேன். அதிலும் ஒரு தடங்கல்: பழைய ஃபேட்32 முறையில் வடிவமைக்கப்பட்ட கார்டு 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது. நீளமான குடும்பக் காணொளி பாதியில் நின்றது. கார்டைப் பெரிய கோப்புகளையும் ஏற்கும் எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றிய பிறகே நகலெடுக்க முடிந்தது.

மூன்றாம் வாரத்தில் பெரிய புதுப்பிப்பு ஒன்று இறங்கத் தொடங்கியது. உள் சேமிப்பிடத்தில் அப்போது 2 ஜிபிகூட இல்லை. பாதியில் உறைந்துபோன கணினியை, நெடுநேரம் பார்த்துவிட்டு, பொத்தானை அழுத்தி அணைத்தேன். மறுபடி அது எழவில்லை.

முதலில் கொண்டுசென்ற பழுதுபார்ப்பு மையத்தில் வரவேற்பு நாகரிகமாக இருந்தது, சீட்டும் கையில் கொடுத்தார்கள். ஆனால் கணினியைத் திறந்துகூடப் பார்க்காமல், மதர்போர்டை, அதாவது பாகங்கள் எல்லாம் பொருந்தியிருக்கும் முதன்மைப் பலகையை, மாற்ற வேண்டும், உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும் என்றார்கள். மதர்போர்டு போனால் கோப்புகள் ஏன் போக வேண்டும் என்று நான் கேட்டது அவர்களுக்கு வியப்பாக இருந்தது. என் கேள்வி பழைய மடிக்கணினியின் நினைவில் எழுந்தது. அதில் நான்கு திருகுகளைக் கழற்றினால் ஹார்ட் டிஸ்க் தனியாகக் கையில் வரும். ஒரு யூஎஸ்பி உறையில் போட்டு வேறு கணினியில் படித்துவிடலாம். மெலிந்த புதிய கருவியில் இருப்பது இஎம்எம்சி எனப்படும் சேமிப்புச் சில்லு, மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டது. கைப்பேசிக்கென்று வளர்ந்த தொழில்நுட்பம் அது, அதன் 5.1 பதிப்பின் உச்ச வேகமே நொடிக்கு 400 எம்பிதான், மடிக்கணினிகளில் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் சாதாரண சாட்டா எஸ்எஸ்டியின் 550-ஐக்கூட அது எட்டாது. இடத்தையும் எடையையும் மிச்சப்படுத்தத்தான் அப்படிப் பற்றவைக்கிறார்கள் என்பது தெரியும். அந்த மிச்சத்துக்கு ஈடாகப் போனது, பலகையில் கோளாறு வந்தாலும் கோப்புகளைத் தனியே பிரித்தெடுக்கும் வழி.

இரண்டாவதாக, தனியாக வேலை செய்யும் ஓர் இளைஞரிடம் போனேன். அவர் பலகையைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு பென் டிரைவிலிருந்து கணினியை எழுப்பிப் பார்க்க வேண்டும் என்றார். அதற்கும் ஒரு தடை இருந்தது: கணினியில் இரண்டே டைப்-சி துளைகள், ஒன்றில் சார்ஜர். அவரிடம் இருந்த பென் டிரைவோ பழைய அகலமான வகை. இணைப்பான் ஒன்றை எங்கிருந்தோ வரவழைத்தார். கணினி எழுந்தது, சில்லும் நலமாக இருந்தது. ஆனால் திரை 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது.

"கீ எழுதி வச்சிருக்கீங்களாண்ணா?" என்றார். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு முதல் முறை உள்நுழைந்தபோதே இந்தக் கணினி தன் சேமிப்பிடத்தைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்து, சாவியை அந்தக் கணக்கில் வைத்துவிட்டது. திருடுபோனால் நமக்குக் காவல்; இப்படிப்பட்ட நேரத்தில் நமக்கே பூட்டு. கைப்பேசியில் அந்தக் கணக்கைத் திறக்கப் போனால், சரிபார்ப்பு எண் என் வெளிநாட்டு எண்ணுக்குக் குறுஞ்செய்தியாகப் போகிறது. அந்த சிம் கார்டைக் கழற்றிவிட்டு உள்ளூர் சிம்மைப் போட்டிருந்தேன். கழற்றியது அம்மா வீட்டு மேசை இழுப்பறையில் இருந்தது. வீட்டுக்குப் போய் எடுத்து வந்து, மாற்றிப் போட்டு, ரோமிங் பிடிக்கும்வரை காத்திருந்து, எட்டுத் தொகுதிகளாக ஆறு ஆறு இலக்கங்களை நான் வாசிக்க அவர் தட்டினார். ஐந்தாவது தொகுதியில் நானே ஓர் எண்ணைத் தவறாக வாசித்தேன். அயல்நாட்டில் வாழ்பவர்கள் ஊருக்குக் கிளம்பும் முன் இந்த ஒரு சங்கதியை மட்டுமாவது கவனித்துக்கொண்டால் நல்லது: சரிபார்ப்பு எண் எந்த எண்ணுக்கு வரும், அந்த சிம் அப்போது எங்கே இருக்கும்.

கோப்புகள் அனைத்தும் கிடைத்தன. அவற்றை வெளியே நகலெடுத்த பின், உற்பத்தியாளரின் மீட்புப் பகுதியையும் சேர்த்து அழித்துவிட்டு, வெறும் விண்டோஸை மட்டும் புதிதாக நிறுவலாமா என்று அவர் கேட்டார். விண்டோஸின் உரிமச் சாவி கணினியின் ஃபர்ம்வேரிலேயே, அதாவது பலகையில் நிலையாகப் பதிந்த அடிப்படை மென்பொருளிலேயே, இருப்பதால் தனியாக வாங்க வேண்டியதில்லை. 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று போதும். செய்தோம். 27 ஜிபியாக இருந்த காலி இடம் 36-ஐத் தாண்டியது. வாங்கிய கருவியில் எனக்கு உரிய 9 ஜிபியை வேறொருவர் உழைத்து மீட்டுக் கொடுத்திருக்கிறார்.

ஆனால் முன்பே நிறுவப்பட்டவை எல்லாம் குப்பை என்று சொல்லவும் இப்போது தயங்குகிறேன். துடைத்த பிறகு கைரேகை உணரி வேலை செய்யவில்லை, திரையின் ஒளியைக் குறைக்கும் விசையும் பேசவில்லை. இரண்டையும் இயங்கவைக்கும் சிறு மென்பொருள்களான இயக்கிகள் தயாரிப்பாளரின் தொகுப்பில்தான் இருந்தன. அவற்றைத் தேடித் தனியே இறக்க வேண்டியிருந்தது. மறுபக்கம், இடத்தைப் பிடிப்பது மட்டுமே இவற்றின் குற்றமும் அல்ல. லெனோவா தன் சில மடிக்கணினிகளில் சேர்த்து விற்ற சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள், பாதுகாப்பான இணையத் தொடர்புகளுக்கு இடையிலேயே புகுவதற்குத் தன் சொந்தச் சான்றிதழைக் கணினியில் பதித்திருந்தது 2015 பிப்ரவரியில் வெளியே தெரிந்தது. பின்னர் அந்த நிறுவனமே அதை நீக்கும் கருவியையும் வெளியிட வேண்டியதாயிற்று. வாங்குபவர் எதை நீக்கலாம், எதை விடலாம் என்று பிரித்துக் காட்டும் ஒரு பக்கத் தாளைப் பெட்டியோடு வைப்பது தயாரிப்பாளருக்கு அப்படி ஒன்றும் சிரமமான காரியம் அல்ல.

அம்மாவின் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் இதே பிரச்சினையைச் சிறிய அளவில் கண்டேன். கூடவே வந்த பல செயலிகளுக்கு நீக்கு என்ற தெரிவே இல்லை, முடக்கு என்பது மட்டும்தான். முடக்கினால் அவை ஓடுவது நிற்கும், அறிவிப்புகளும் நிற்கும், பிறகு சேர்ந்த புதுப்பிப்புகளின் இடமும் திரும்பும். மூலச் செயலி அமைப்புப் பகுதியிலேயே இருக்கும். ஆனாலும் முடக்கியது பயன் தந்தது. நாள் முழுவதும் வந்த தேவையற்ற அறிவிப்புகள் நின்றதே அம்மாவுக்குப் பெரிய நிம்மதி.

குடும்பக் காணொளிகளுக்குக் கடைசியில் இடம் கொடுத்தது, நான் முந்தைய பயணத்தில் அக்கா வீட்டில் விட்டுவந்த அந்தப் பழைய இரண்டரைக் கிலோ கணினிதான். அக்கா மகன் அதன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டிருந்தான். கழற்றிய டிஸ்க் யூஎஸ்பி உறையில் தனியே இருந்தது. புதிய கணினி நின்ற வாரத்தில் ஸ்கேன் வேலை முழுவதும் அதில்தான் நடந்தது. சேர்ந்தது மொத்தம் 210 ஜிபி. ஒரு படி அந்த எஸ்எஸ்டியில், ஒரு படி பழைய ஹார்ட் டிஸ்க்கில், மூன்றாவது படி நான் எடுத்து வந்த வெளி எஸ்எஸ்டியில். மின்சாரமே காணாமல் பல ஆண்டுகள் பெட்டிக்குள் கிடக்கப்போகும் படிக்கு ஹார்ட் டிஸ்க்கே மேல் என்று அதை அம்மாவின் அலமாரியில் வைக்கச் சொன்னேன்.

திரும்பி வரும்போது கைப்பையின் எடை போனதைவிட 60 கிராம் கூடுதல், அந்த எஸ்எஸ்டியின் எடை அவ்வளவுதான். 48 இலக்கங்களை ஒரு தாளில் எழுதி அக்காவிடம் ஒன்றும், கடவுச்சீட்டு உறைக்குள் ஒன்றுமாக வைத்திருக்கிறேன். புதிதாக நிறுவியபோது சாவியும் மாறிவிட்டது என்பதை விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் உணர்ந்தேன். பழைய எண்களை அடித்துவிட்டுப் புதியவற்றைக் கணக்கிலிருந்து பார்த்து எழுதி, அக்காவுக்கும் தொலைபேசியில் வாசித்தேன். இந்த முறை ஐந்தாவது தொகுதியை இரண்டு தடவை சொல்லச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டாள்.