தொழில்நுட்பம் படிக்காதவர்களுக்கு இலவச ஏஐ பாடங்கள்: பயன்படுத்திப் பார்த்ததில் தேறியது

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் கடைக் கணக்கு பார்ப்பவர், பள்ளி ஆசிரியர், கூட்டுறவுச் சங்க ஊழியர் யாராக இருந்தாலும், ஏஐ படிப்பை ‘எலிமென்ட்ஸ் ஆஃப் ஏஐ’யில் தொடங்குங்கள். பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகமும் ரியாக்டர் நிறுவனமும் 2018-ல் கொண்டுவந்த இணையப் பாடம் இது. சான்றிதழ் உட்பட எல்லாம் இலவசம். தமிழில் இல்லை, ஆனால் ஆங்கிலம் எளிது. அறிமுகப் பகுதியில் கோடிங் கிடையாது. வாசித்துப் பயிற்சி செய்யும் பாடம் என்பதால் டேட்டாவும் அதிகம் செலவாகாது. இதன் பெரிய பலமே அந்தப் பயிற்சிகள்தான். வீடியோ மட்டும் பார்த்துப் படித்தது மறுவாரமே மறந்துவிடுகிறது.

ஆறு அத்தியாயங்கள். பலர் நின்றுவிடுவது மூன்றாவதில், நிகழ்தகவு வரும் இடத்தில். அங்கே வரும் கணக்கு இது: 100 பெண்களில் 5 பேருக்கு மார்பகப் புற்றுநோய் என்று வைத்துக்கொள்வோம். நோய் உள்ளவர்களில் 80 சதவீதம் பேரைப் பரிசோதனை சரியாகக் காட்டும். நோய் இல்லாதவர்களிலும் 10 சதவீதம் பேருக்கு ‘இருக்கிறது’ என்று தவறாகச் சொல்லும். அப்படியானால் ‘இருக்கிறது’ என்று முடிவு வந்தவருக்கு உண்மையில் நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? அங்கே தரும் சூத்திரம் குழப்பினால் ஒதுக்கிவிட்டு, நோட்டில் 1000 பேர் என்று எழுதிக்கொள்ளுங்கள். நோயுள்ள 50 பேரில் 40 பேருக்கும், நோயில்லாத 950 பேரில் 95 பேருக்கும் ‘இருக்கிறது’ என்று வரும். மொத்தம் 135-ல் 40, அதாவது சுமார் 30 சதவீதம்தான். இது புரிந்துவிட்டால், ‘95 சதவீதம் துல்லியம்’ என்று விற்க வரும் எந்த மென்பொருளையும் சரியான கேள்வி கேட்க முடியும். அதற்காகவே இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போகக் கூடாது.

நான்காவதில் வரும் ‘நியரஸ்ட் நெய்பர்’ (புதியதை அதற்கு மிக ஒத்த பழையதோடு சேர்த்து வகைப்படுத்தும் முறை) குலசேகரம் பக்கத்துக்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடும். ரப்பர் ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்து, முன்பு பார்த்த எந்த ஷீட்டைப் போல இருக்கிறது என்று வைத்துத்தானே ஆர்எஸ்எஸ் 4, ஆர்எஸ்எஸ் 5 என்று ஷீட்டைத் தரம் பிரிக்கிறோம்? பழைய ஷீட்டுகளின் தரத்தைத் தப்பாகக் குறித்து வைத்திருந்தால் புதிய ஷீட்டுக்கும் தப்பான தரமே விழும். இயந்திரத்துக்கும் அதே கதிதான்.

சான்றிதழுக்குப் பயிற்சிகளில் 90 சதவீதத்தை முடித்து, அதில் பாதியாவது சரியாக இருக்க வேண்டும். எழுத்து விடைகளை முதலில் வேறிடத்தில் தட்டி வைத்துக்கொண்டு ஒட்டுங்கள். நடுவில் நெட் போனால் எழுதியது போய்விடக்கூடும். வாரம் ஒரு அத்தியாயம் நல்ல வேகம்.

அடுத்தது கோர்செரா என்ற பாட இணையதளத்தில் ஏஐ ஆய்வாளர் ஆண்ட்ரூ இங் நடத்தும் ‘ஏஐ ஃபார் எவ்ரிஒன்’. ஒரு நிறுவனத்தில் ஏஐ எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை இவ்வளவு தெளிவாக வேறெங்கும் பார்க்கவில்லை. இரண்டு பாடங்களுமே சாட்ஜிபிடிக்கு முந்தியவை என்பதால், சாட்ஜிபிடி போன்றவற்றைப் புரிந்துகொள்ள ஆண்ட்ரூ இங்கே 2023-ல் தந்த ‘ஜெனரேட்டிவ் ஏஐ ஃபார் எவ்ரிஒன்’னைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோர்செராவில் இலவசமாகத் திறந்திருக்கும் பகுதி அவ்வப்போது மாறும். கார்டு எண் கேட்டால் அது 7 நாள் சோதனைக் காலம். ரத்து செய்யாவிட்டால் பணம் பிடித்துவிடுவார்கள். கார்டு கொடுக்காமல் பாடப் பக்கத்தில் உள்ள நிதியுதவி விண்ணப்பத்தை நிரப்புங்கள். பதில் வர இரண்டு வாரம் வரை ஆகும். அதற்குள் முதல் பாடத்தின் இரண்டு அத்தியாயங்களை முடித்துவிடலாம்.