ஸ்கேன் செய்து நேரடியாக மின்னஞ்சலில் அனுப்பும் அலுவலக ஸ்கேனர்: எட்டு மாத அனுபவம்

கணக்குப் பிரிவில் பணிபுரிவதால் ரசீதுகள், ஒப்பந்தங்கள், கையொப்பமிட்ட படிவங்கள் என நாள்தோறும் நூறு தாள்களுக்குக் குறையாமல் ஸ்கேன் செய்து அனுப்புகிறேன். எட்டு மாதங்களுக்கு முன் வாங்கிய இந்த ஸ்கேனரில், கணினியைத் திறக்கும் தேவையே இல்லாமல், தாள்களைத் தட்டில் அடுக்கி, திரையில் முகவரியைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்துவிடுகிறது. தாளின் இரு பக்கங்களையும் ஒரே ஓட்டத்தில் படிக்கிறது. இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு நுழைந்தால் மீயொலி உணரியால் கண்டறிந்து உடனே நின்றுவிடுகிறது. நடுவில் ஒரு பக்கம் விடுபட்ட ஒப்பந்தம் யாருக்கும் பயன்படாது என்பதால், இந்த ஒரு வசதிக்காகவே இதைப் பரிந்துரைப்பேன்.

ஆனால் 'அனுப்பப்பட்டது' என்று திரையில் வருவதை அப்படியே நம்பிவிடக் கூடாது. தொடக்கத்தில் 42 பக்க ஒப்பந்தம் ஒன்றை 600 டிபிஐ அளவில் (அதாவது ஓர் அங்குல நீளத்துக்கு 600 புள்ளிகள்) வண்ணத்தில் அனுப்பினேன். அது போய்ச் சேரவில்லை என்பது மறுநாள் எதிர்த்தரப்பினர் தொலைபேசியில் கேட்டபோதுதான் தெரிந்தது. மின்னஞ்சல் சேவையகத்திடம் ஒப்படைத்ததைத்தான் ஸ்கேனர் அப்படிச் சொல்கிறது. அளவு மிகுந்ததால் அஞ்சல் திரும்பிவிட்ட அறிவிப்போ, ஸ்கேனருக்கென்று தொடங்கிய, யாரும் திறந்து பார்க்காத அஞ்சல் பெட்டியில் கிடந்தது. பல சேவைகள் 20 அல்லது 25 எம்பிக்கு மேல் ஏற்பதில்லை. அதிலும் இணைப்புக் கோப்பு அஞ்சலுக்கான வடிவத்துக்கு மாறும்போது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடுகிறது. டிபிஐயை 300இலிருந்து 600 ஆக்கினால் புள்ளிகள் நான்கு மடங்காகின்றன என்பதையும் அப்போதுதான் கணக்கிட்டுப் பார்த்தேன். இப்போது எழுத்துத் தாள்களுக்கு 300 டிபிஐ, சாம்பல் நிறம் என்று நிலையாக வைத்து, ஒவ்வொரு அஞ்சலின் நகலும் எனக்கு வருமாறு அமைத்திருக்கிறேன்.

அஞ்சல் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றினால் ஸ்கேனரிலும் மறக்காமல் மாற்ற வேண்டும். இல்லையேல் அனுப்புவது நின்றுவிடும். முகவரிப் பட்டியலில் ஒத்த பெயர்கள் அடுத்தடுத்து நிற்பதால், அனுப்பும் முன் முகவரியை உறுதிசெய்யக் கேட்கும் அமைப்பை இயக்கி வைப்பது மிக அவசியம்.

ஒரு முறை எல்லாப் பக்கங்களிலும் மேலிருந்து கீழாக ஒரு கருங்கோடு விழுந்தது. பெரிய கண்ணாடியை எவ்வளவு துடைத்தும் போகவில்லை. தட்டிலிருந்து வரும் தாள்கள், அந்தப் பெரிய கண்ணாடியின் ஓரத்தில் உள்ள விரலகலக் கண்ணாடிப் பட்டையின் மேல்தான் நகர்கின்றன. அங்கே கடுகளவு திருத்த மை காய்ந்து ஒட்டியிருந்தது. ஈரத் துணியால் துடைத்ததும் கோடு மறைந்தது.

கோப்புகளுக்குத் தேதியையும் வரிசை எண்ணையும் மட்டுமே பெயராக இடுவது எனக்குப் பெருங்குறையாகப் படுகிறது. ஸ்கேன் செய்த படத்திலுள்ள எழுத்துகளைத் தேடக்கூடிய எழுத்துகளாக மாற்றும் எழுத்துணரி வசதியை இயக்கியிருப்பதால் அச்சிட்ட ரசீதுகளை அவற்றின் எண்ணைக் கொண்டே தேடி எடுக்க முடிகிறது. கையால் எழுதிய தாள்களை மட்டும் அன்றன்றே திறந்து பெயர் மாற்றி வைக்கிறேன்.